மின்நிலையத்துக்குள் கற்சிலைகள்: வேலூர்ப் பக்கத்திலிருந்து முதல்முறை ரோம் போகிறவர்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இத்தாலி புதிய ஊர் இல்லை. தோல் கண்காட்சிக்கு மிலான் போய்வருகிறவர்கள் நம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். இப்போது படிக்கப் போன பிள்ளைகளைப் பார்க்க அப்பா அம்மாவும் போகிறார்கள். ரோமில் இரண்டு நாள் கிடைத்தால் கொலோசியம், வத்திக்கான், திரெவி நீரூற்று என்று ஓடிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவற்றைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கூட்டமே இல்லாத ஒரு பழைய மின்நிலையம். டீசல் எஞ்சினுக்கும் பாய்லருக்கும் நடுவே இரண்டாயிரம் வருடத்துச் சலவைக்கல் சிலைகள் நிற்கின்றன. பெயர் சென்ட்ராலே மோன்டேமார்ட்டினி.

நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த இடம் சட்டென்று பிடித்துப்போகும் என்று நம்புகிறேன். நமக்குக் கல்லும் தெரியும், தொழிற்சாலையும் தெரியும். ஒரு பக்கம் மகேந்திரவாடிக் குடைவரையும் வேலூர்க் கோட்டைக் கோயிலும். இன்னொரு பக்கம் ராணிப்பேட்டையில் பாய்லருக்கு வேண்டிய பெரிய பெரிய பாகங்கள் செய்கிற பெல் ஆலை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் எப்படியிருக்கும் என்பதை அங்கே போனால் பார்க்கலாம்.

கிளம்புவதற்கு முன் கோட்டைக்கு ஒரு காலை

இதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். விமானச் சீட்டு எடுத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், வேலூர்க் கோட்டைக்குப் போங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். சாமி கும்பிட எத்தனையோ முறை போயிருப்பீர்கள். இந்த ஒருமுறை தூண்களைப் பார்ப்பதற்காகவே போங்கள்.

முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரை, அதன்மேல் வீரன், பக்கத்தில் யாளி. இவ்வளவும் தூணோடு சேர்ந்த ஒரே கல். கால்களுக்கு இடையில் எங்கே சிற்பி கல்லைக் குடைந்து எடுத்திருக்கிறான், எங்கே எடுக்காமல் விட்டிருக்கிறான் என்று பாருங்கள். நம் கருங்கல் கெட்டியானது. அதில் வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் வேலை முடிந்தால் நானூறு ஐந்நூறு வருடம் மழை வெயிலில் நிற்கும். சிலையைத் தூணிலிருந்து முழுக்கப் பிரிக்காமல் விட்டதால் சுமையையும் அதுவே தாங்குகிறது. பெரும்பாலான உருவங்களுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ரோமில் தேவைப்படும்.

அப்புறம் கோட்டைக்குள்ளேயே இருக்கிற அரசு அருங்காட்சியகத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். கோயிலில் நாம் சிலைக்கு எதிரே நின்று கைகூப்புகிறோம், கண்ணை மூடுகிறோம். அருங்காட்சியகத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பழக வேண்டும். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் நிஜமாகவே பழக வேண்டிய விஷயம்தான். ஒரு சிலைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு மூன்றே மூன்று சிலைகளைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

பயணமும் சீட்டும்

இத்தாலிக்கு ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு அதற்குக் கட்டாயம். விடுமுறைக் காலத்தில் விசாவுக்கு நேரம் கிடைப்பது கடினம், அதனால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ரோமின் ஃபியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து நகரின் பெரிய நிலையமான தெர்மினிக்கு நேராக ரயில் உண்டு. தங்குமிடத்தில் பெட்டியை வைத்துவிட்டு மறுநாள் போங்கள். தெர்மினியில் மெட்ரோ பி லைன், ஐந்தாவது நிறுத்தம் கர்பதெல்லா. அங்கே இறங்கி ஓஸ்டியென்சே சாலைக்கு வந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. முகவரி வியா ஓஸ்டியென்சே 106. வழி கேட்கும்போது சென்ட்ராலே மோன்டேமார்ட்டினி என்று முழுப்பெயரைச் சொல்லுங்கள். மியூசியம் என்று மட்டும் கேட்டால் ரோமில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கை காட்டுவார்கள்.

திங்கட்கிழமை விடுமுறை. நேரத்தையும் கட்டணத்தையும் போகிற வாரத்தில் ஒருமுறை அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இது ரோம் நகராட்சியின் கேபிடோலின் அருங்காட்சியகத்தோடு சேர்ந்தது. இரண்டுக்கும் சேர்த்துக் கூட்டுச்சீட்டு உண்டு, கவுண்டரில் கேட்டு வாங்குங்கள். நேரம் இருந்தால் முதலில் கேபிடோலின், மறுநாள் இது என்று வைத்துக்கொள்வது நல்லது. அங்கே மாளிகைக்குள் பார்த்த அதே வகைச் சிலைகள் இங்கே இரும்புக்குப் பக்கத்தில் வேறு மாதிரி தெரியும்.

தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ரோம் தெருக்களில் வளைந்த மூக்கு வைத்த இரும்புக் குழாய்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும், குடிக்கிற தண்ணீர்தான். காலி பாட்டில் ஒன்று பையில் இருந்தால் போதும்.

கட்டடத்தின் கதை, சுருக்கமாக

ரோம் நகராட்சி தன் சொந்தப் பொறுப்பில் மின்சாரம் தயாரிக்க முடிவு செய்து கட்டிய முதல் நிலையம் இது. 1912 ஜூன் மாதம் திறந்தார்கள். அதற்காக வாதாடிய நகர சபை உறுப்பினரும் பொருளாதார அறிஞருமான ஜொவான்னி மோன்டேமார்ட்டினி அடுத்த வருடமே இறந்துபோனார், அவர் பெயரையே வைத்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணம் இருந்தது. தண்ணீருக்கு டைபர் ஆறு பக்கத்திலேயே. நகரச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால் எரிபொருளுக்கு வரி கிடையாது. ஐம்பது வருடம் ஓடி 1963இல் நிலையம் நின்றுபோனது.

இடித்துவிடாமல் பழுதுபார்த்து வைத்தார்கள். 1997இல் கேபிடோலின் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியைச் சீரமைக்க வேண்டியிருந்தது. சிலைகளைக் கிடங்கில் பூட்டிவைக்காமல், கொஞ்ச காலத்துக்கு இங்கே கொண்டுவந்து வைத்து, 'இயந்திரங்களும் தெய்வங்களும்' என்ற பெயரில் கண்காட்சி நடத்தினார்கள். தற்காலிகமாக வந்த சிலைகள் இங்கேயே தங்கிவிட்டன. இன்று சுமார் நானூறு இருக்கின்றன.

அந்தச் சிலைகள் எங்கிருந்து வந்தவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1870க்குப் பிறகு ரோம் இத்தாலியின் தலைநகரானது. அலுவலகம், வீடு, சாலை என்று ஊரெங்கும் அஸ்திவாரம் தோண்டினார்கள். தோண்டிய இடத்திலெல்லாம் பழைய ரோம் வெளியே வந்தது. பல சிலைகள் துண்டு துண்டாகச் சுவர்களுக்குள் கிடைத்தன, பிற்காலத்தவர்கள் அவற்றை வெறும் கல்லாகப் போட்டுச் சுவர் கட்டியிருந்தார்கள். ஏரிக்கரையில் துணி துவைக்கிற கல்லாக நடுகல் கிடப்பதைப் பார்த்திருக்கிற நமக்கு இதைக் கேட்க வேதனையாகத்தான் இருக்கும்.

கீழ்த்தளம்: அவசரப்படாதீர்கள்

எல்லோரும் எஞ்சினைப் பார்க்க மாடிக்கு ஓடுகிறார்கள். கீழ்த்தளத்தில் குறைந்தது அரைமணி நேரம் இருங்கள்.

அங்கே தோகா என்ற போர்வையை உடுத்திய ஒருவரின் சிலை இருக்கிறது. இரண்டு பக்கமும் முன்னோர்களின் மார்பளவுச் சிலைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பார்பெரினி தோகாக்காரர் என்று அழைக்கிறார்கள். முகங்களைக் கவனியுங்கள். கன்னம் ஒட்டி, நெற்றி சுருங்கி, வயதை மறைக்காமல் செதுக்கியிருக்கிறார்கள். நம் சிற்பங்களில் ராஜாவுக்கும் தேவருக்கும் வயதே ஆவதில்லை. ரோமானியர்களுக்கு, பெரியவர் எப்படி இருந்தாரோ அப்படியே இருக்க வேண்டும், அதில்தான் குடும்பத்தின் பெருமை. இன்னொன்று, இந்தச் சிலையின் தலை அதற்குரியது இல்லை. அதுவும் பழைய தலைதான், ஆனால் வேறொரு சிலையிலிருந்து எடுத்துப் பிற்காலத்தில் பொருத்தியது. கழுத்தைப் பார்த்தால் புரியும்.

எனக்கு இதைப் பார்க்கும்போது எடத்தனூர் நடுகல் ஞாபகம் வந்தது. பழைய வடஆர்க்காட்டின் செங்கம், திருவண்ணாமலைப் பக்கம் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். எடத்தனூர்க் கல்லில் இறந்துபோன வீரனோடு கோவிவன் என்ற அவன் நாயின் உருவமும் பெயரும் வெட்டப்பட்டிருக்கின்றன. செத்தவரைக் கல்லில் நிறுத்தி வைக்கும் ஆசை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அவர்கள் முகத்தைக் காப்பாற்றினார்கள், நாம் பெயரையும் செய்ததையும் காப்பாற்றினோம்.

இந்த அருங்காட்சியகத்தில் தவறவிடக் கூடாத சின்னப் பொருள் ஒன்று உண்டு: தந்தத்தில் செய்த ஒரு பொம்மை. எங்கே என்று தெரியாவிட்டால் காவலரிடம் கேளுங்கள். 1889இல் நீதிமன்றக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிரெப்பெரேயா திரிஃபேனா என்ற இளம்பெண்ணின் கல் சவப்பெட்டி கிடைத்தது. மூடியைத் திறந்ததும் உள்ளே தண்ணீர் நிறைந்திருக்க, அவள் கூந்தல் அலைவது போலத் தெரிந்ததாம். உண்மையில் அது நீர்ச்செடி. அவளோடு நகைகளும் இந்தப் பொம்மையும் இருந்தன. கை கால் மூட்டுகள் மடங்கும். ஏறக்குறைய ஒரு சாண் உயரம். திருப்பதி மலையிலிருந்து பாட்டி வாங்கிவந்த மரப்பாச்சியோடு விளையாடியவர்கள் இந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டுச் சுலபத்தில் நகர மாட்டார்கள்.

எஞ்சின் கூடம்

இப்போது மாடிக்கு வாருங்கள். நீளமான பெரிய கூடம், உயரமான ஜன்னல்கள். நடுவில் கறுப்பாக இரண்டு டீசல் எஞ்சின்கள், 1933இல் பொருத்தியவை. ஒவ்வொன்றும் 7,500 குதிரைத்திறன். செய்தது மிலானுக்குப் பக்கத்தில் லெஞ்ஞானோ ஊரைச் சேர்ந்த ஃப்ரான்கோ தோசி கம்பெனி. அவற்றின் எதிரே வெள்ளை வெளேரென்று சிலைகள்.

நான் போனபோது மாமாவும் கூட வந்திருந்தார். முப்பது வருடம் பாய்லர் பாகங்களில் வெல்டிங் வேலை பார்த்தவர். "கை இல்ல, மூக்கு இல்ல, இத்த போய் இன்னா பார்க்கறது" என்று கீழ்த்தளத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் கூடத்துக்கு வந்ததும் ஆள் மாறிப்போனார். எரிபொருள் எங்கே நுழையும், காற்று எங்கே போகும், ஆள் எங்கே நின்று பார்ப்பான் என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். அப்படியே ஒரு சிலையின் காலடிக்கு வந்தவர், "இந்த மரத்த ஏன் வச்சிருக்கான் தெரியுமா? சப்போர்ட்டு" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன், வீட்டில் மெக்கானிக்கோ வெல்டரோ இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த மரத்தை எல்லோரும் பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் பல ஆண் சிலைகளின் ஒரு காலை ஒட்டி அடிமரம் ஒன்று இருக்கும். கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. மூலச்சிலைகள் பல கிரேக்கர்கள் வெண்கலத்தில் வார்த்தவை. வெண்கலம் உள்ளே பொள்ளல், இரண்டு மெல்லிய கணுக்காலில் நின்றுவிடும். ரோமானியர்கள் அதையே சலவைக்கல்லில் செய்தபோது கணுக்கால் தாங்காது, ஒடிந்துவிடும். அதற்குத்தான் முட்டுக்கொடுத்தார்கள். சிலபோது கையையும் இடுப்பையும் இணைத்து ஒரு சின்னக் கல் பாலம்கூட இருக்கும். அதேபோல் தலைமுடியில் சுருளுக்குச் சுருள் ஆழமான துளைகளைப் பாருங்கள், துரப்பணம் ஓட்டிய தடம் அது. சலவைக்கல் மென்மையானதால் இந்த வேலையெல்லாம் முடிந்தது. அதே காரணத்தால் மூக்கும் கையும் கழுத்தும் முதலில் போயின. கோட்டை மண்டபத்துக் குதிரையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு சிலையையும் சுற்றிவந்து முதுகைப் பாருங்கள். சிலவற்றில் முதுகு முன்பக்கத்தைப் போலவே முழுசாக முடிந்திருக்கும், சிலவற்றில் உளித்தடம் அப்படியே இருக்கும். உளித்தடம் தெரிந்தால், அது சுவரை ஒட்டியோ மாடத்திலோ நின்றிருக்க வேண்டும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இந்தக் கூடத்தில் இரண்டு இடங்களில் நேரம் ஒதுக்குங்கள். முதலாவது, போர்த்தூனா தெய்வத்தின் மிகப்பெரிய தலை, கை, பாதம். கி.மு. 101இல் ஒரு போர் வெற்றிக்கு நேர்ந்துகொண்ட கோயிலில் இருந்த சிலை இது, 'இந்த நாளின் நல்லூழ்' என்று அந்தத் தெய்வத்துக்குப் பெயர். முழுச்சிலை சுமார் எட்டு மீட்டர் உயரம் இருந்திருக்கும். வெளியே தெரிகிற உடற்பாகங்கள் மட்டும் சலவைக்கல், ஆடை மூடிய உடம்பு வேறு பொருளில் செய்தது, அது அழிந்துவிட்டது. இதை விளக்க நமக்குப் புத்தகம் வேண்டாம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்த்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஊரெல்லாம் சுற்றிவரும் அம்மன் சிரசை உடலோடு பொருத்துகிற அந்த நிமிடம் கண்முன் வரும். அந்த நினைப்போடு இந்தத் தலையின் முன் நின்றால், அது உடைந்த துண்டாகத் தெரியாது.

இரண்டாவது, அபோலோ சோசியானோ கோயிலின் முகப்பு முக்கோணத்துச் சிலைகள். கிரேக்கர்களும், அவர்கள் கதைகளில் வரும் அமேசான் என்ற வீராங்கனைகளும் போரிடும் காட்சி. சிலைகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்க வேலை, நானூறு வருடம் கழித்து ரோமானியர்கள் கொண்டுவந்து தங்கள் கோயிலில் ஏற்றினார்கள். துண்டுகளை அவை நின்ற வரிசைப்படி வைத்திருக்கிறார்கள். முதலில் தூரத்தில் நின்று முழு முக்கோணத்தையும் பாருங்கள், நடுவில் உயரமானவர்கள், ஓரத்துக்கு வர வர குனிந்தவர்கள், விழுந்தவர்கள். பிறகு கிட்டே போங்கள். கோபுர நிலைகளில் மூலைக்கு ஏற்ற மாதிரி பொம்மைகளை வைக்கும் கணக்கு இதிலும் இருக்கிறது.

கறுத்த கல்லில் ஒரு பெண் சிலையும் உண்டு, அகிரிப்பினா. நீரோ மன்னனின் அம்மா. உடல் இங்கே இருக்கிறது, அசல் தலை டென்மார்க்கில் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில். இங்கே தலையின் வார்ப்பு நகலைப் பொருத்தியிருக்கிறார்கள். வெள்ளைச் சிலைகளைப் பார்த்துவந்த கண்ணுக்கு, நம் ஊர்க் கருவறை நிறத்தில் இந்தக் கல் நெருக்கமாகத் தெரியும்.

பாய்லர் கூடம்

மூன்று பாய்லர்கள் இருந்த இடத்தில் இன்று ஒன்றுதான் மிச்சம், பதினைந்து மீட்டர் உயரத்துக்கும் மேல். அந்தக் குழாய்களும் செங்கல்லும் பின்னணியாக, ரோமானியப் பணக்காரர்களின் தோட்டங்களிலிருந்து கிடைத்த சிலைகளை இங்கே வைத்திருக்கிறார்கள். பொலிஹிம்னியா என்ற கலைத்தெய்வம் பாறையில் முழங்கையை ஊன்றி, துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏதோ யோசனையில் இருக்கிறாள். துணிக்குள்ளே கை மடங்கியிருப்பது கல்லில் தெரிகிறது. இருக்கை கிடைத்தால் இவள் எதிரே பத்து நிமிடம் உட்காருங்கள். இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு ஒரே ஒரு சிலைதான் பார்க்கலாம் என்றால் இவளைத்தான் பார்ப்பேன்.

சாந்தா பிபியானா தேவாலயத்துக்குப் பக்கத்தில் கிடைத்த பெரிய மொசைக் தரையும் இங்கேதான். வேட்டைக் காட்சிகள், கி.பி. நான்காம் நூற்றாண்டு. குழந்தைகளை முதலில் இதற்குக் கூட்டிவாருங்கள். எத்தனை விலங்கு என்று எண்ணச் சொன்னால் நீங்கள் நிம்மதியாகச் சிலை பார்க்கலாம்.

2016இலிருந்து திருத்தந்தை ஒன்பதாம் பயஸின் ரயில் பெட்டிகளும் இங்கே இருக்கின்றன. 1850களின் கடைசியில் செய்தவை. காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் ரயில் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு: தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடுக்கு வந்தது 1856 ஜூலை 1. இரண்டும் ஒரே காலத்துச் சமாச்சாரம்.

சில சின்ன விஷயங்கள்

மொத்தம் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முற்பகலில் போனால் ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும், மேகமூட்டமான நாளென்றால் இன்னும் நல்லது, நிழல் மெதுவாக விழும். ஃபிளாஷ் போடாமல் படம் எடுங்கள். செல்ஃபிக்கு முன் ஒருமுறை கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். சிலையைத் தொடாதீர்கள், நம் ஊரில் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் கை தானாக நீளும். பெரியவர்களுக்கு மூட்டுவலி இருந்தால் லிஃப்ட் எங்கே என்று நுழையும்போதே கேட்டுவிடுங்கள். பெரிய பைகளை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

வெளியே வந்ததும் உடனே மெட்ரோவுக்குப் போகாமல், அந்தப் பக்கம் நிற்கும் பழைய எரிவாயுத் தொட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு பார்வை பாருங்கள், தூரத்திலிருந்தே தெரியும். பிறகு ஓஸ்டியென்சே சாலையிலேயே வடக்கே நடந்தால் இருபது நிமிடத்துக்குள் பிரமிதே மெட்ரோ நிலையம். எதிரே செஸ்தியுஸ் என்ற ரோமானியரின் கல்லறை, எகிப்திய பிரமிடு வடிவில், 36 மீட்டர் உயரம். 330 நாளில் கட்டி முடித்தோம் என்று அதன்மேலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தாலே போதும். அங்கிருந்து தெர்மினிக்கு நான்கு நிறுத்தம்.